குன்றக்குடியில் பிப்ரவரி முப்பது

காலை 6.10. திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், எண்பது ரூபாய் டிக்கெட். மடியில் ஒரு தோள்பை. அதற்குள் பூதக்கண்ணாடி, முனை சீவிய மூங்கில் குச்சிகள் நான்கு, மெத்தென்ற துணி ஒன்று. நகை வாங்கி வருகிறவனைப் போலப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் அதில் திருட எதுவும் இல்லை. திரும்பி வரும்போது இருக்கும் என்ற நினைப்புதான் இப்போதே கையை இறுக்கியது.

நான் பல் மருத்துவன். இருபத்திரண்டு வருடமாகக் கடிகாரப் பைத்தியமும்கூட. எல்லாக் கடிகாரமும் அல்ல, நாட்காட்டிக் கடிகாரம் மட்டும். மணியோடு தேதி, கிழமை, மாதம், பிறை எல்லாம் காட்டும் பழைய சாவிக் கடிகாரங்கள். அவற்றில் உயர்ந்த சாதி ஒன்று உண்டு. எந்த மாதம் முப்பதில் முடியும், எது முப்பத்தொன்றில், பிப்ரவரிக்கு இந்த வருடம் இருபத்தெட்டா இருபத்தொன்பதா என்பதையெல்லாம் அது தானே கண்டுகொள்ளும். பேட்டரி கிடையாது. உள்ளே நாலு வருடத்தின் நாற்பத்தெட்டு மாதங்களுக்கும் மேடு பள்ளம் வெட்டிய ஒரு சின்னச் சக்கரம், அவ்வளவுதான். பள்ளத்தின் ஆழத்தை வைத்து மாதத்துக்கு எத்தனை நாள் என்று இயந்திரம் புரிந்துகொள்கிறது. நிற்காமல் ஓடினால் 2100-ஆம் ஆண்டு வரை தேதியைத் தொடவே வேண்டாம்.

என்னிடம் இருபத்தாறு நாட்காட்டிக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் வெள்ளிக் கூடு போட்ட, சட்டைப்பைக்குள் வைக்கும் வகையில் இந்த உயர்ந்த சாதி ஒன்று இல்லை. ஒன்பது வருடமாகத் தேடினேன். இருபத்தேழாவதுதான் கடைசி என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

போன மாதம் கடிகாரப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு கடிகாரத்தின் படம் விற்பனைக்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் செந்தில் என்பவர் போட்டிருந்தார். அது குன்றக்குடியில் தன் அக்கா வீட்டில் இருப்பதாகவும், தேதி மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போவதாகவும் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பேசிப் பேசி ஆறு லட்சத்தில் முடிந்தது. பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அங்கிருந்தே பணம் அனுப்பிவிட்டு எடுத்து வர வேண்டியது என் வேலை.

காலை 8.50. காரைக்குடி. பேருந்து நிலையத்துக்கு எதிரே வெள்ளைப் பணியாரம் ஐந்து, கார சட்னி, ஒரு காபி, மொத்தம் எழுபத்தைந்து ரூபாய். சட்னி நாக்கைச் சுட்டாலும் நிறுத்த முடியவில்லை. குன்றக்குடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் நிறைய உண்டு, ஆனாலும் பொறுமை இல்லாமல் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் கோயிலுக்கா என்று கேட்டார். கடிகாரம் பார்க்கப் போகிறேன், அது தேதி, மாதம், பிறை எல்லாம் காட்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “எல்லாந்தான் செல்லுலயே இருக்கேண்ணே” என்றார். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த சேகரிப்பாளர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கோவிலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்மண், முந்திரி, இடையிடையே கண்மாய். கொஞ்ச நேரத்தில் குன்றும் மேலே முருகன் கோயிலும் தெரிந்தன. மலையடிவாரத்தில் மடத்தைத் தாண்டி இரண்டாவது தெரு.

காலை 9.45. செந்திலின் அக்கா கோமதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பொற்கொல்லர் குடும்பம். அப்பா செய்த தொழிலை இப்போது அவர்தான் நடத்துகிறார். கணவர் காரைக்குடியில் மரக்கடை வைத்திருக்கிறார். முன்னறைதான் பட்டறை. ஒரு மேசை, அதன்மேல் எல்இடி விளக்கு, சிறிய எரிவாயு ஊதுகுழல், சுவரில் தாள் கிழிக்கும் தினசரி நாட்காட்டி. நான் உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்தில் மூன்று போன்கள் வந்துவிட்டன. ஆவணி மாதம், கல்யாணக் காலம், கைக்கு ஓய்வே இல்லை என்றார்.

மேசை இழுப்பறையிலிருந்து கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். படத்தில் பார்த்ததைவிட அழகு. முகப்பில் நாலு குட்டி வட்டங்கள், நீலம் பாய்ந்த முட்கள், அடியில் நீல வானத்தில் பொன்னிறப் பிறை. தயாரித்தவர் பெயர் இல்லை. காதில் வைத்தேன். ஓட்டம் அத்தனை சீராக இருந்தது. எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று கேட்டேன்.

“எனக்கு வெவரம் தெரிஞ்சு நின்னதில்லண்ணே. தெனம் காலைல ஆறு மணிக்குச் சாவி குடுத்துருவேன். ஊருக்குப் போனா கையோட எடுத்துட்டுப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

என்னையும் கடிகாரத்தையும் தனியாக விட்டுவிட்டார். கிழமை வியாழன் என்று காட்டியது, சரி. பிறை வளர்பிறை ஐந்தாம் நாளுக்கு உண்டான அளவு, அதுவும் சரி. மாதம் ஆகஸ்ட், சரி. தேதி மட்டும் 12. அன்றைக்கு 28. கிழமையும் பிறையும் பிசகாமல் தேதி மட்டும் பதினாறு நாள் எப்படிப் பின்தங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நோயாளியைக் கேட்காமல் ஒரு பல்லைக்கூடத் தொடாதவன் நான். ஆனால் தப்பான தேதியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மூங்கில் குச்சியை எடுத்தேன். கூட்டின் விளிம்பில் தேதியைத் தள்ளும் சின்னக் குழி இருந்தது. பதினாறு முறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் முள் டக்கென்று ஒரு நாள் முன்னால் குதித்தது. 28-இல் நின்றதும் திருப்தியாக மூச்சு விட்டேன்.

காபியோடு வந்த கோமதி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“என்னண்ணே, இருபத்தெட்டுல நிக்குது?”

பதினாறு நாள் பின்தங்கியிருந்ததாகவும் சரி செய்துவிட்டதாகவும் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

“பின்தங்கலயேண்ணே. இன்னைக்கு ஆவணி பன்னெண்டுதான?”

சுவரில் தாளைப் பார்த்தேன். ஆகஸ்ட் 28. அதன் கீழே, ஆவணி 12. காபி டம்ளரை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் விவரம். இந்தக் கடிகாரம் அப்பாவுக்குக் கானாடுகாத்தான் வீடு ஒன்றில் நகை வேலைக்குப் பரிசாக வந்தது. வந்த நாளிலிருந்து அது தமிழ்த் தேதியில்தான் ஓடுகிறது. ஆகஸ்ட் என்றால் ஆவணி, செப்டம்பர் என்றால் புரட்டாசி. பொற்கொல்லருக்கு ஆங்கிலத் தேதியால் ஆவது ஒன்றுமில்லை. தாலிக்குப் பொன்னுருக்க வருகிறவர்கள் ஆவணி பதிமூன்று, காலை ஆறரைக்குள் என்றுதான் நாள் குறித்து வருவார்கள். அடுப்பு மூட்டுமுன் கடிகாரத்தை ஒரு தட்டில் வைத்துப் பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் நீட்டுவது இந்தப் பட்டறையின் வழக்கம். இரண்டு பக்கமும் தேதி, கிழமை, மணி பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பொன் நெருப்புக்குப் போகும். மறுநாள் காலையிலேயே அப்படி ஒரு பொன்னுருக்கு இருந்தது.

பின்னால் தள்ளிவிடுங்கள் என்றார். அங்கேதான் சங்கடம். இந்த வகைக் கடிகாரத்தில் தேதி முன்னால் மட்டும்தான் போகும். பின்னால் வரவே வராது. இரண்டே வழி. பதினாறு நாள் நிறுத்தி வைத்து, ஆவணி 28 அன்று மறுபடி ஓட்டலாம். நிறுத்துவது என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மாறியது. அவருக்கு ஒரு நாள் பிடித்து வைக்கத் தெரியும். ஆனி மாதத்துக்குச் சில வருடம் முப்பத்திரண்டு நாள். கடிகாரத்தில் முப்பத்தொன்றுக்கு மேல் எண் கிடையாது. அதனால் ஆனி முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்கு முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் சுற்றுவார், மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொரு முறை. கடிகாரம் நிற்காது, ஆனால் ஒரு நாள் கடக்காது. கிழமையையும் பிறையையும் மட்டும் பிறகு தள்ளிக்கொள்வார். நான் படித்த எந்தக் கடிகாரப் புத்தகத்திலும் இந்த உத்தி இல்லை. ஆனால் பதினாறு நாளுக்கு அதைச் செய்ய முடியாது, நாளைய காரியத்துக்கும் அது உதவாது.

மிச்சம் ஒரே வழி. முன்னாலேயே தள்ளிக்கொண்டு போய் முழுச் சுற்றும் சுற்றி மறுபடி 12-க்கு வருவது. நாலு வருடச் சக்கரம் என்பதால் 1461 நாள். அதில் பதினாறு போக 1445 அழுத்தல். ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. செய்த தப்பு என்னுடையது, உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல் தொட்டதற்கு வெட்கப்பட்டேன், உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

காலை 11.00. கோமதி பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மாதம் மாறும்போது நான் சொல்ல வேண்டும், அவர் சரிபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. செப்டம்பர் வந்தது. முப்பதாம் தேதிக்குப் பிறகு அக்டோபர் ஒன்றுக்குப் போக வேண்டிய முள் 31-இல் போய் நின்றது.

செப்டம்பருக்கு முப்பத்தொன்றாம் தேதி உலகத்தில் எங்கும் கிடையாது. பல்லை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கடிகாரத்தின் பல்லைத்தான் சொல்கிறேன்.

“புரட்டாசிக்கு முப்பத்தொண்ணுதானண்ணே. சரியாத்தான் இருக்கு, தள்ளுங்க” என்றார் கோமதி, பஞ்சாங்கத்திலிருந்து தலை நிமிராமல்.

தள்ளினேன். அக்டோபர் முப்பதில் முடிந்தது. “ஐப்பசி முப்பது, சரி” என்றார். நவம்பர் இருபத்தொன்பதில் முடிந்தது. கார்த்திகை இருபத்தொன்பது, சரி. மார்கழி முப்பது. தை இருபத்தொன்பது. அப்புறம் பிப்ரவரி வந்தது. இருபத்தெட்டைத் தாண்டியது, இருபத்தொன்பதைத் தாண்டியது, முப்பதில் ஒய்யாரமாக நின்றது. பிப்ரவரி முப்பது. இருபத்திரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான முகப்புகளைப் பார்த்திருக்கிறேன், இந்தத் தேதியை ஒன்றிலும் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கோமதிக்கு எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. மாசி முப்பதுதானே என்றார்.

கேட்டேன், உள்ளே யார் என்ன செய்தது என்று. எனக்கு அது தெரிந்திருக்கும் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! கடிகாரம் வந்த புதிதில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தப்பிப் போனதாம். அப்பா திறந்து பார்த்து, மேடு பள்ளம் வெட்டிய அந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்து, தங்க வேலைக்கு வைத்திருந்த அரத்தால் பித்தளையில் தமிழ் மாதக் கணக்குக்கு வேறு ஒன்று ராவி மாட்டிவிட்டார். பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் வித்தியாசம் வந்தால் கையால் சரிசெய்துகொள்வார்கள். சுவிட்சர்லாந்தில் பெரிய பட்டறைகள் நூற்றுக்கணக்கான பேரை வைத்துச் செய்கிற சங்கதி. மூக்குத்தி செய்த கையோடு ஒரு மனிதர் குன்றக்குடியில் அதைச் செய்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

அவர் நாலு வருடத்துக்கும் ஒரே கணக்கையே வெட்டியிருந்ததால் எனக்கு ஒரு சலுகை. ஒரு வருடம் சுற்றினால் போதும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மண்டி, உருளைக்கிழங்கு வறுவல், ரசம். வெண்டைக்காயும் மொச்சையும் அரிசி கழுவிய நீரில் புளியோடு கொதித்த அந்த மண்டியை இரண்டு முறை கேட்டு வாங்கினேன். பிற்பகல் 2.20-க்கு, முந்நூற்று நாற்பத்தெட்டாவது அழுத்தலில், முள் ஆகஸ்ட் 12-க்கு வந்து நின்றது. ஆவணி பன்னிரண்டு.

அடுத்தது செந்திலிடம் பேச வேண்டியது. கோமதி எதிரிலேயே ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினேன். உள்ளே சக்கரம் மாற்றப்பட்டிருக்கிறது, சேகரிப்பவர்கள் சந்தையில் மாற்றிய கடிகாரத்துக்கு மதிப்பு இல்லை, ஆறு லட்சம் போகாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப ஒரு லட்சத்துக்கு எடுத்துக்கங்க சார். சும்மா கெடக்குறதுதான” என்றார்.

உண்மையைச் சொன்னதற்கு ஐந்து லட்சம் லாபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனதுக்குள் ஒரு துள்ளல் வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோமதி எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து திறந்து மேசையில் வைத்தார். பஞ்சுக்கு நடுவில் எஃகுச் சக்கரம் ஒன்று, நாற்பத்தெட்டு மேடு பள்ளத்தோடு, துரு ஒரு புள்ளி இல்லாமல்.

“பழசு இதுண்ணே. அப்பா தூக்கிப் போடல. இத மாட்டுனா பழைய வெலைக்குப் போகுமா? தம்பிக்கு நட்டம் வரக் கூடாதுல்ல.”

போகும். அசல் சக்கரத்தோடு அது ஆறு லட்சமும் பெறும், அதற்கு மேலும் பெறும். ஒன்பது வருடமாக நான் தேடியது முழுதாக, குறையில்லாமல் என் முன்னால் இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் பைக்குள் வந்துவிடும். கோமதி, விற்காதீர்கள் என்று காலையிலிருந்து ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒரே ஒன்று கேட்டார்.

“ஒங்க வீட்டுல இதுக்குத் தெனம் சாவி குடுக்க ஆளு இருக்காண்ணே?”

சாதாரணமாகத்தான் கேட்டார். பிள்ளையை விடுதியில் சேர்க்கிற இடத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்பார்களே, அப்படி. என் இருபத்தாறில் இன்றைக்கு ஓடுவது மூன்று. மற்றவை பெட்டியில் துணி சுற்றி நிற்கின்றன, ஒவ்வொன்றும் எப்போதோ நின்ற தேதியைக் காட்டிக்கொண்டு. இதுவும் ஒரு மாதம் என் மேசையில் ஓடும். பிறகு அங்கே போய்ச் சேரும். எனக்கு என்னை நன்றாகத் தெரியும்.

செந்திலிடம் மறுபடி ஒலிபெருக்கியிலேயே பேசினேன். அசல் சக்கரம் கிடைத்துவிட்டது, பழைய விலை பெறும், ஆனால் நான் வாங்கவில்லை என்றேன். கடிகாரம் சும்மா கிடக்கவில்லை, தினமும் வேலைக்குப் போகிறது என்றும், நாளைக் காலைக்கு அதற்கு வேலை இருப்பதையும் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. படிக்கப் போனதிலிருந்து வெளியூர்.

“நீ ஒரு வார்த்த சொல்லவே இல்லையேக்கா” என்றார்.

“நீ கேக்கவே இல்லையேடா” என்றார் கோமதி.

அவ்வளவுதான் பேச்சு. விற்கவில்லை என்று செந்திலே சொன்னார். கோமதி கடிகாரத்தைத் துடைத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு வாய் காபி குடிச்சிட்டுப் போறீகளா?” என்று கேட்டார். குடித்தேன். காலையில் வந்த காபியைவிட இதில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

மாலை 4.00. இந்த முறை டவுன் பஸ், பன்னிரண்டு ரூபாய். காரைக்குடியில் மனைவிக்குக் கால் கிலோ தேன்குழல் வாங்கினேன், நூற்றுப் பத்து. திருச்சிப் பேருந்தில் பையை மேலே சாமான் தட்டில் போட்டுவிட்டுத் திருமயம் வரும்வரை தூங்கினேன். பகல் பேருந்தில் இப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆயிற்று.

இரவு 7.40. வீடு. எங்கே இருபத்தேழு என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். தேன்குழலைத் தின்றுகொண்டே கேட்டவள், அந்த அம்மா கேட்டதைத்தான் நான் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். உண்மைதான். அவள் கேட்கும்போது எனக்குக் காது கேட்பதில்லை.

சாப்பிட்ட பிறகு பெட்டியைத் திறந்து, இரண்டு வருடமாக நின்றிருந்த உயர்ந்த சாதிக் கடிகாரம் ஒன்றை வெளியே எடுத்தேன். சாவி கொடுத்தேன். குச்சியால் தள்ளித் தள்ளி ஆகஸ்ட் 12-இல் வைத்தேன். இதன் வயிற்றில் இருப்பது வெளிநாட்டுச் சக்கரம். புரட்டாசி முப்பது முடிந்ததும் தப்பிப் போகும். அப்போது என்ன செய்வது என்று கோமதிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

மறுநாள் காலை காபி மேசையில் மனைவி அதைக் கையில் எடுத்தாள். தேதி தப்பாக இருக்கிறதே, இன்றைக்கு இருபத்தொன்பது ஆயிற்றே என்றாள். நான் நிமிர்வதற்குள் பக்கத்திலிருந்த மூங்கில் குச்சியையும் எடுத்துவிட்டாள். எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

“தொடாதே. இன்னைக்கு ஆவணி பதிமூணு.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மணி ஆறு நாற்பது. குன்றக்குடியில் இரண்டு வீட்டாரும் தேதி பார்த்துத் தலையாட்டி, பொன் உருகி முடிந்திருக்கும்.